முதலில் வரத்துக்காலை வரை! பிறகு பிளாட்டை அள!



மடவார்வளாகம் வைத்தியநாதசுவாமி கோயில் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலையில் பெய்கிற மழைதான் நம்ம வயலுக்குக் கஞ்சி ஊற்றுகிறது. செண்பகத்தோப்பில் இறங்குகிற தண்ணி, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார்கோவில் ஆற்றில் வருகிற தண்ணி, வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளில் சேர்கிற தண்ணி, எல்லாமே மேற்கே பிறந்து கிழக்கே போகிறது. ஓடையாக வந்து கண்மாயில் நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், வைப்பாறாகித் தூத்துக்குடிச் சீமைக் கடலில் விழுகிறது. வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் நமக்கு மழை. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த நாலு நாள் தண்ணியைப் பிடித்து வைத்து மாசி வரைக்கும் பாய்ச்சுவதற்காகத்தான் கண்மாயைக் கட்டினார்கள்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது? கல் ஊன்றிய வயல், கலர் கொடி, சிமெண்ட் ஆர்ச், "டி.டி.சி.பி. அப்ரூவ்டு" போர்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் நாற்றுப் பாவிய இடத்தில் இன்றைக்கு 'நகர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வீடு வந்தது பத்துக்கு ஒன்று. மீதி எல்லாம் வேலிக்கருவை.

"அவன் நிலம், அவன் வித்தான். சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை நாம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மடைக்குக் கீழே நாற்பது ஏக்கர் ஆயக்கட்டு, முப்பது சம்சாரி என்று வைத்துக்கொள்வோம். மடைத் தலையில் இருக்கிற நாலு ஏக்கருக்குத்தான் முதலில் புரோக்கர் வருவார். அதுதான் ரோட்டை ஒட்டி இருக்கும். "அண்ணாச்சி, ஏக்கர் கணக்கெல்லாம் இப்ப யாரு பேசுறா? சென்ட் கணக்குல பேசுவோம்" என்பார். மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, வட்டிக் கடனோ, ஏதோ ஒன்று கழுத்தைப் பிடிக்கும். கிரயம் ஆகிவிடும். அடுத்த வாரம் ஜேசிபி வரும். வரப்பு போகும். வரப்போடு சேர்ந்து வயல் வாய்க்காலும் போகும். அந்த வாய்க்கால் பாதி இடத்தில் புலப்படத்திலேயே இருக்காது. பாட்டன் காலத்திலிருந்து பேச்சு வழக்கில், ஒருத்தர் வயல் வழியாக இன்னொருத்தர் வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால். கேட்டால் "பட்டாவுல இல்லையே" என்பார்கள். மண்ணடித்து மேடாக்கி காம்பவுண்டு எழுப்பியதும், கீழே இருக்கிற முப்பத்தாறு ஏக்கருக்கும் தண்ணி நின்று போகும்.

முதல் வருஷம் சண்டை போடுவோம். இரண்டாவது வருஷம் மோட்டார் வைத்து இறைப்போம். மூன்றாவது வருஷம் போட்ட பணம் வராது, தரிசாகப் போட்டுவிடுவோம். அந்த வருஷ அடங்கலில் 'தரிசு' என்று ஏறிவிடும். அப்புறம் அதே புரோக்கர், அதே கைப்பை. அறிக்கை எழுதுகிற அதிகாரியும் கூசாமல் எழுதலாம்: "மேற்படி நிலத்தில் சில ஆண்டுகளாகச் சாகுபடி நடைபெறவில்லை." எழுத்தில் அது பொய் இல்லை. ஆனால் ஏன் நடைபெறவில்லை என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை!

இப்படித்தான் ஒருத்தர் விற்ற நாலு ஏக்கர், விற்க விரும்பாத இருபத்தொன்பது பேருடைய நிலத்தையும் விற்க வைக்கிறது. மானாவாரிக் காட்டை விற்பதும் மடைத் தலை நஞ்சையை விற்பதும் ஒன்றாகாது. ஆயக்கட்டு நிலத்துக்குப் பட்டா தனித்தனியாக இருக்கலாம், தண்ணி பொதுவில் இருக்கிறது. சங்கத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

சரி, சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் மண்டலத் திட்டம் போடலாம், நகரத்துக்கு முழுமைத் திட்டம் போடலாம், எது விவசாயம், எது குடியிருப்பு, எது தொழிற்சாலை என்று கோடு போடலாம் என்று அதில் இருக்கிறது. நஞ்சையை மனையாக மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்பதும் விதிதான். ஆனாலும் நடந்தது என்ன? அங்கீகாரமே இல்லாத மனைகள் மாநிலம் பூராவும் லட்சக்கணக்கில் பத்திரமானது. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்தப் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் சர்க்கார் விழித்தது. விழித்து என்ன செய்தது? 2017-ல் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைக்குக் கட்டணம் கட்டினால் சரியாகிவிடும் என்றது. மனை வாங்கிய ஏழை எளியவர்கள் பாவம், அவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அடைபட்ட வாய்க்காலுக்கு எந்த வரன்முறையும் வரவில்லை.

இன்றைக்கு 'அப்ரூவ்டு' என்றாலும் என்ன பார்க்கிறார்கள்? ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு இடம் விட்டாச்சா என்று பார்க்கிறார்கள். தண்ணி சம்பந்தமாகத் தடையின்மைச் சான்று கேட்பதும் உண்டு. அதுவும் பிளாட்டுக்குள் வெள்ளம் ஏறுமா என்று பார்ப்பதற்கு. கீழே இருக்கிற வயலுக்குத் தண்ணி இறங்குமா என்று யார் பார்ப்பது?

ரோடு விஷயத்துக்கு வருவோம். நம்ம பகுதியில் தண்ணி மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்று சொன்னோம். ரோடும் ரயிலும் அதற்குக் குறுக்கே போகின்றன. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927-ல் வந்தது. அதுவே ஒரு கரை. பழைய கொல்லம் ரோடு இன்னொரு கரை. இப்போது திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரைக்கும் ஏறத்தாழ 71 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை மூன்றாவது கரை. பல இடத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு வயல்காட்டுக்கு நடுவில் போகிறது. ராஜபாளையத்துக்குத் தெற்கே செங்கோட்டை வரைக்கும் இதே சாலையை வயல் வழியாகக் கொண்டு போகாதே, மாற்றுப் பாதை பார் என்று வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் பக்கத்துச் சம்சாரிகள் போராடியது தெரியும்.

ரோடே வேண்டாம் என்று நம் சங்கம் சொல்லவில்லை. மாங்காயும் தேங்காயும் கேரளாவுக்கு அந்த ரோட்டில்தான் போகிறது. நாம் கேட்பது, ஒவ்வொரு வரத்துக்காலும் ரோட்டைக் கடக்கிற இடத்தில், பழைய தரைமட்டத்திலேயே, பழைய அகலத்துக்குக் குறையாமல் பாலம் வை என்பது. ஒரு முழம் உயர்த்தி வைத்த குழாயில் தண்ணி ஏறாது, பக்கத்து வயலில் தேங்கி நிற்கும். மேற்கே பயிர் அழுகும், கிழக்கே கண்மாய் காயும். ரோட்டுக்கு நிலம் எடுத்தவர்கள் எடுத்த நிலத்துக்கு மட்டும் பணம் கொடுப்பார்கள். காய்ந்து போன கண்மாய்க்கு யாரிடம் கேட்பது? 2013-ல் வந்த நிலம் எடுப்புச் சட்டத்திலேயே, பாசனத்தில் பல போகம் விளைகிற நிலத்தை வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் எடுக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அதற்கு நிலம் எடுப்பது தனிச் சட்டத்தில். நஷ்ட ஈட்டுக் கணக்கை மட்டும்தான் 2015-லிருந்து சேர்த்தார்கள்.

இதைவிட ஒரு பெரிய ஆபத்தைப் பற்றி நம்ம கிராமங்களில் இன்னும் பேச்சே எழவில்லை. 2023 ஏப்ரல் 21-ம் தேதி தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 2024 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. நூறு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ இருநூற்று நாற்பத்தேழு ஏக்கருக்குக் குறையாத ஒரு திட்டத்துக்குள் ஓடை, வாய்க்கால், குளம் என்று நீர்நிலை மாட்டிக்கொண்டால், சர்க்கார் அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்து அந்த நீர்நிலையையும் சேர்த்து ஒருங்கிணைக்கலாம். தண்ணிக் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது என்பார்கள்.

கொள்ளளவு என்றால் என்ன? பள்ளம்! பள்ளத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். தண்ணியை அங்கே வா என்று கூப்பிட்டால் வருமா? கண்மாய் இருக்கிற இடம் சும்மா யாரோ கை காட்டிய இடம் இல்லை. மேலே எவ்வளவு நீர்ப்பிடிப்பு, எந்தச் சரிவில் தண்ணி இறங்கும், மறுகால் எங்கே போகும், மடையைத் திறந்தால் எந்த வயல் வரைக்கும் ஏறிப் பாயும் என்று பார்த்துப் போட்ட கரை. அதைத் தூக்கிக் கொண்டுபோய் இன்னொரு இடத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் மடையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏரியும் வயலும் போகிறது என்று ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடினார்களே, அந்தப் பேச்சு நமக்குத் தூரத்து ஊர்க் கதையாகத் தெரியலாம். சட்டம் மாநிலம் முழுவதற்கும் போட்டது.

டெல்டாவுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்களே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அப்புறம் கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள். அங்கே புதிதாக எண்ணெய்க் கிணறு, தோல் தொழிற்சாலை, தாமிர ஆலை மாதிரி சில தொழில்களைத் தடுத்தார்கள். நல்லது. அந்த மக்கள் போராடி வாங்கினார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில்கூட பிளாட்டுக்குத் தடை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நமக்கோ அதுவும் இல்லை. நெல்லுக்குப் பேர் போனது தஞ்சாவூர் என்பதால் கண்மாய்ப் பாசனத்து நெல்லை அரிசி இல்லை என்று சொல்ல முடியுமா? தமிழ்நாட்டில் முப்பத்தொன்பதாயிரம் கண்மாய், ஏரி, குளம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனைக்கும் ஆயக்கட்டு உண்டு. 1970-71-ல் ஏறத்தாழ 61 லட்சம் ஹெக்டேர் இருந்த மாநிலத்தின் நிகர சாகுபடிப் பரப்பு, ஐம்பது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த நிலமெல்லாம் ஆகாயத்துக்கா பறந்து போனது?

மலைக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கேரளாவில் 1970-களில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேர் இருந்த நெல் சாகுபடி, 2007-08 வாக்கில் இரண்டே கால் லட்சத்துக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு நம்மிடமும் ஆந்திராவிடமும் கையேந்துகிற நிலை. அதன் பிறகுதான் 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். அதில் நாம் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எது நெல்வயல் என்று திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஊருக்கு ஊர் ஒரு கமிட்டி. பஞ்சாயத்துத் தலைவர், வேளாண்மை அலுவலர், கிராம அலுவலர், அவர்களோடு மூன்று நெல் விவசாயிகள். இவர்கள் சர்வே நம்பர் வாரியாக நெல்வயல்களின் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் இருக்கிற வயலில் மண்ணடிக்கக் கூடாது. சொந்த வீடு கட்ட வேறு இடமே இல்லாத சம்சாரிக்கு மட்டும் கிராமத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட் வரை வழி விட்டார்கள். பிற்பாடு, 2018-ல், அந்தச் சட்டத்திலும் ஓட்டை போட்டுவிட்டார்கள், பட்டியலில் ஏறாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றலாம் என்று. அதனால்தான் சொல்கிறோம், பட்டியல் முக்கியம். ஏறாத வயல் போய்விடும்.

நாம் ஊர்வலத்தில் சுவாமிநாதன் கமிஷன் என்று கோஷம் போடுகிறோம். செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை கொடு என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், அந்த விலை கிடைத்திருந்தால் பாதிப் பேர் வயலை விற்றிருக்கவே மாட்டார்கள். 2004-லிருந்து 2006 வரை அந்தக் கமிஷன் கொடுத்த அறிக்கைகளில் நிலத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. நல்ல விளைநிலத்தை விவசாயம் அல்லாத காரியத்துக்குத் திருப்பக் கூடாது, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று ஆலோசனை சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்று. விலையைப் பற்றிய வரியைச் சொல்லிச் சொல்லி நிலத்தைப் பற்றிய வரியை நாமே மறந்துவிட்டோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வீட்டு மனைக்கு நம் சங்கம் எதிரி இல்லை. ஒரே குடிசையில் மூன்று குடும்பம் இருக்கிற காலனிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. நமக்கு நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனைப்பட்டா கொடு என்று நாம்தான் முன்னால் நின்று கேட்க வேண்டும். நத்தத்தை ஒட்டிய மேட்டுப் புஞ்சை எத்தனையோ சும்மா கிடக்கிறது. அதை விட்டுவிட்டு நாலு அடியில் தண்ணி ஊறுகிற நஞ்சையில் கொண்டுபோய் வீடு கட்டினால், கட்டினவனுக்கும் மழைக்காலத்தில் நிம்மதி இல்லை. தொழிலும் அப்படித்தான். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023-ல் அறிவித்தார்கள். நம்ம பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா? வேண்டும். எந்த இடம் எதற்கு என்பதைப் பேசி முடிவு செய், அந்தப் பேச்சில் எங்களையும் உட்கார வை என்கிறோம்.

இந்த வட்டாரத்துக்குக் கோடு போடாமலா இருக்கிறார்கள்? 1988-ல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் என்று கோடு போட்டார்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கோடு போட்டார்கள். காடு இருந்தால்தான் ஓடையில் தண்ணி. அதனால் அதை நாம் குறை சொல்லவில்லை. யானை வந்து தென்னையைச் சாய்க்கிற அடிவாரத்துச் சம்சாரிக்கு உரிய காலத்தில் நஷ்ட ஈடு கொடு என்பது தனிக் கோரிக்கை. புலிக்குக் கோடு, ரோட்டுக்குக் கோடு, பிளாட்டுக்குக் கோடு. கண்மாய்க்கும் ஆயக்கட்டுக்கும் மட்டும் கோடு போட ஆள் இல்லையா? அழகர் அணை வேண்டும் என்று எத்தனை காலமாகக் கேட்கிறோம்! பம்பை – அச்சன்கோவில் தண்ணியை வைப்பாறுக்குத் திருப்பலாம் என்று 1995-லேயே சாத்தியக்கூறு அறிக்கை போட்டு வைத்திருக்கிறார்கள், கேரளா சம்மதிக்கவில்லை. அந்தத் தண்ணி நாளைக்கே வந்தாலும் எந்த வாய்க்கால் வழியாக வயலுக்குக் கொண்டு போவது? பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினோம் என்று சந்தோஷப்பட்டோம். வைக்கோல் எங்கே விளைகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நம்ம ஊர்க் கோபுரம் என்று நாம் பெருமைப்படுகிற அதே முத்திரையோடுதான் நில மாற்ற உத்தரவும் வருகிறது!

ஆக, நம் கோரிக்கை நீளமானது இல்லை. கண்மாய் வாரியாக வரைபடம் போடு. நீர்ப்பிடிப்பு, வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு, ஆயக்கட்டு சர்வே நம்பர், வயல் வாய்க்கால் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். ஆயக்கட்டுச் சம்சாரிகளோடு நடந்து பார்த்துப் போட வேண்டும். மண்டலத் திட்டமோ முழுமைத் திட்டமோ எது வந்தாலும் அந்த வரைபடம்தான் முதல் தாள். அதில் இருக்கிற நிலத்தை மாற்றுவதென்றால் மடைக்குக் கீழே இருக்கிற எல்லோருடைய சம்மதமும் கிராம சபைத் தீர்மானமும் வேண்டும். வாய்க்கால் அடைபட்டதால் தரிசான நிலத்தைத் தரிசு என்று எழுதாதே, வாய்க்காலைத் திறந்து விடு.

சர்க்கார் போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்து, மலையடிவாரத்திலிருந்து கலுங்கு வரைக்கும் வரத்துக்காலை நடந்து பாருங்கள். பாட்டன் காலத்து நீர்பாய்ச்சி யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். பட்டாவில் இல்லாத வாய்க்கால் அவர் மனசில் இருக்கும். அடைப்பு இருக்கிற இடத்தின் சர்வே நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் நகல் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். யாரிடம் மனு கொடுப்பது என்று அலைய விடாமல் இருக்க இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் பேரைச் சொல்லியே மனுவை எழுதுங்கள். ஊர்ப் பொது நிலத்தை மீட்டு ஊருக்கே கொடு என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவையும் அதில் குறிப்பிடுங்கள்.

நம் மாவட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் நாற்காலியில் யார் இருந்தாலும் கிராம சபையில் உட்காருகிற உரிமை நமக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் எது முதலில் வருகிறதோ அன்றைக்கே உங்கள் கண்மாயின் பெயரைச் சொல்லித் தீர்மானம் கொண்டு வாருங்கள். வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தால் எழுந்திருக்காதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு எழுந்திருங்கள்.

தீர்மான நகல், புலப்பட நகல், அடைப்பு இருக்கிற இடத்தின் போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் ஊராக வாருங்கள். பெண்களும் வாருங்கள், களை எடுக்கிறவர்களுக்குத்தான் எந்த வயலில் தண்ணி ஏறவில்லை என்று நன்றாகத் தெரியும். ஒரு ஊருக்கு ஒரு கண்மாய், ஒரு மனு. வாங்கியதற்கு ரசீது கேட்காமல் திரும்பாதீர்கள்.